இருபதில் பத்தொன்பது தடவை

ஸ்கார்பரோ,
விசுவாவசு வருஷம், சித்திரை 7
20-4-2025

அன்புள்ள பெரியப்பா அவர்களுக்கு,

இவ்விடம் நாங்கள் யாவரும் சௌக்கியம். அவ்விடத்துச் சௌக்கியத்தையும், பெரியம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா என்பதையும் தெரிவிக்கவும்.

சென்ற வாரம் தொலைபேசியில் புத்தாண்டு ஆசி கூறி முடித்த அதே மூச்சில், “ஏம்ப்பா, உங்க ஊர்ல எலெக்‌ஷனாமே, எவன் ஜெயிப்பான்?” என்று தாங்கள் கேட்டபோது நான் பதில் சொல்லாமல் விழித்ததைக் கொண்டு, கனடாவில் குடியுரிமையும் பெற்று வரியும் கட்டி வருகிற ஒருவனுக்கு அந்நாட்டு அரசியலில் யாதொரு ஞானமும் இல்லை என்று தாங்கள் தீர்மானித்திருக்கக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. இங்கே ஞானம் தினந்தோறும் காலையில் புதிதாக வெளியாகிறது; முந்தின நாள் ஞானம் மறுநாள் செல்லுபடியாவதில்லை; ஆதலால் எந்தத் தினத்து ஞானத்தைத் தங்களிடம் விண்ணப்பிப்பது என்று புரியாமல்தான் விழித்தேன்.

வருகிற 28ஆம் தேதி, திங்கட்கிழமை, பார்லிமெண்டின் கீழ்ச்சபைக்கு 343 அங்கத்தினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆளும் கட்சி லிபரல்; அதன் வர்ணம் சிவப்பு. சிவப்பு என்றவுடன், பாடியில் லூகாஸ் பஸ் நிறுத்தத்தண்டை ஆலைவாயிற் கூட்டங்களில் கொடி பிடித்து நின்ற தங்களுக்கு ஓர் உவகை தோன்றுமாயின், அதைச் சற்று அடக்கிக்கொள்ள வேண்டுகிறேன். இந்தச் சிவப்புக் கட்சியின் இன்றைய தலைவரான மார்க் கார்னி, முதலில் கனடாவின் மத்திய வங்கிக்கும் பிறகு இங்கிலாந்தின் மத்திய வங்கிக்கும் கவர்னராக இருந்தவர். எதிர்க்கட்சியாகிய கன்சர்வேடிவ் கட்சிக்கு நீலம். தலைவர் பியர் பொலியேவ். தொழிலாளர் பட்சம் பேசுகிற புதிய ஜனநாயகக் கட்சிக்கு, அதாவது எல்லோரும் என்.டி.பி. என்று சொல்கிற கட்சிக்கு, ஆரஞ்சு. தலைவர் ஜக்மீத் சிங். இவை தவிர, கியூபெக் மாகாணத்தில் மட்டுமே நின்று, பிரதமர் பதவியைக் கனவிலும் கோராமல், பிரதமராக வருகிறவரிடம் மாகாணத்துக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குவதையே விரதமாகக் கொண்ட ஒரு கட்சியும் உண்டு. தமிழ்நாட்டுக்காரருக்கு அதை விளக்குவது அதிகப்பிரசங்கம்.

தங்கள் வாக்கு, ஸ்ரீபெரும்புதூர்ப் பாராளுமன்றத் தொகுதியில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்களுக்கிடையே கரைகிறது. இங்கேயோ ஒரு தொகுதிக்குச் சராசரியாக, கைக்குழந்தைகள் உட்பட, ஒரு லட்சத்து எட்டாயிரம் ஜனங்கள்தாம். பிரின்ஸ் எட்வர்ட் தீவு என்ற மாகாணத்தில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேருக்கு நான்கு அங்கத்தினர்கள் இருக்கிறார்கள். இந்த விகிதம் நம்மூருக்கும் பொருந்துமானால் பாடிக்கு ஒருவர், கொரட்டூருக்கு ஒருவர், வில்லிவாக்கத்துக்கு ஒருவர் என்று தனித்தனியே எம்.பி. வாய்த்து, மேம்பாலத்தின் எந்தக் கிளை எவருடைய அதிகார எல்லையில் வருகிறது என்று மூவரும் டில்லியில் வழக்காடிக்கொண்டிருப்பார்கள்.

இத்தனை இருந்தும், தேர்தல் நடக்கிறதென்பதற்குத் தெருவில் ஓசையே இல்லை. சுவரில் எழுத்தில்லை, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ இல்லை, ஆரத்தித் தட்டு இல்லை. வீட்டு முன் புல்தரையில், வீட்டுக்காரர் சம்மதத்தின் பேரில், கட்சியின் வர்ணத்தில் அபேட்சகர் பெயர் எழுதிய சிறு பலகையொன்றைக் கம்பியில் நட்டுவிட்டுப் போகிறார்கள். பிரசாரத்தின் பிரத்தியட்ச ரூபம் அவ்வளவே. எதிர்வீட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்து மாஸ்டர் (பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், தெரு முழுவதும் அவரை மாஸ்டர் என்றே அழைக்கிறது) தம் புல்தரையில் சிவப்புப் பலகை வைத்தார். மறுநாள் அவருடைய மகன் அதே தரையின் மறுகோடியில் நீலப் பலகையை நட்டான். மகனுக்கு வீடு வாங்க வேண்டும். இந்நகரத்து விலைக்கு அவனால் வாங்க முடியவில்லை. பத்தாண்டு ஆண்ட கட்சியே அதற்குப் பொறுப்பு என்பது அவன் கட்சி. “அவன் முதல்ல வீட்டை வாங்கட்டும் தம்பி, பிறகு தானா இந்தப் பக்கம் வருவான்” என்கிறார் மாஸ்டர். “அப்பா வீடு வாங்கின காசுக்கு இப்ப ஒரு கார் ஷெட்டும் வாங்கேலாது” என்கிறான் மகன். முதியவர்கள் சிவப்பிலும் வாலிபர்கள், அதிலும் ஆண்பிள்ளைகள், நீலத்திலும் மிகுதியாக நிற்கிறார்கள் என்று கணிப்புகள் கூறுவது, எங்கள் தெருவில் ஒரே புல்தரையின் இரு கோடிகளில் நிரூபணமாகிறது.

பணவிஷயத்தைச் சொன்னால் தாங்கள் நம்பமாட்டீர்கள். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையே பண விநியோகத்தின் நிமித்தம் கமிஷன் ரத்து செய்தபோது, பாடிக்கு அப்படியோர் இடைத்தேர்தல் வாய்க்கவில்லையே என்று டீக்கடையில் சிலர் மனம் நொந்ததாகத் தாங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. இங்கே வாக்காளர்தாம் கட்சிக்குப் பணம் கொடுக்கிறார். கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் மத்தியக் கட்சிகளுக்கு நன்கொடை அளிக்கச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. ஆகவே கட்சிகள் குடிஜனங்களிடம் கையேந்துகின்றன. ஒருவர் 400 டாலர் கொடுத்தால் அதில் 300 டாலரைச் சர்க்கார் அவருடைய வரியில் கழித்துவிடுகிறது. கொடுப்பவன் வாக்காளன், வாங்குவது கட்சி, முக்கால்வாசியைத் திருப்பித் தருவது கஜானா என்ற இந்தத் தலைகீழ் ஏற்பாட்டை நம் பக்கத்து வட்டச் செயலாளர் எவரிடமாவது விவரித்தால், அவர் என் மூளையின் ஸ்திதியைப் பற்றித்தான் கவலை கொள்வார்.

இனி, தாங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கடந்த ஜனவரியில் இக்கேள்வியைக் கேட்டிருந்தால் ஒரே சொல்லில் பதில் சொல்லியிருப்பேன். கன்சர்வேடிவ் கட்சி அப்போது இருபது புள்ளிகளுக்கு மேல் முன்னணியில் இருந்தது. பொலியேவ் பதவியேற்பு வைபவத்துக்கு எந்த அங்கி அணிவார் என்பது மாத்திரமே தெரிய வேண்டியிருந்தது. ஜனவரி 6ஆம் தேதி ஜஸ்டின் ட்ரூடோ தாம் விலகப் போவதாக அறிவித்தார். மார்ச் 9ஆம் தேதி கட்சி கார்னியைத் தலைவராக்கியது. 14ஆம் தேதி அவர் பிரதமரானார். 23ஆம் தேதி தேர்தலை அறிவித்தார். பிரதமரான அன்று அவர் எந்தச் சபையிலும் அங்கத்தினர் அல்லர். 1952இல் ராஜாஜி தேர்தலில் நில்லாமல் மேல்சபை நியமனத்தின் வழியே முதன்மந்திரியானதை இன்றளவும் மன்னிக்காத தாங்கள், மேல்சபை என்ற அந்தப் புழக்கடை வாசலைக்கூடத் தொடாமல் ஒருவர் நேரே நடுக்கூடத்தில் வந்து அமர்ந்ததைக் கேட்டு என்ன சொல்வீர்களோ அறியேன். இப்போதுதான் ஒட்டாவாவிலுள்ள நேப்பியன் தொகுதியில் நிற்கிறார். எதிர்க்கட்சி இரண்டாண்டுகளாகக் கோஷமிட்டு எதிர்த்த கார்பன் வரியை, நுகர்வோர் மட்டில், பதவியேற்ற அன்றே கையெழுத்திட்டு நீக்கினார். ஏப்ரல் முதல் தேதி பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ 17 சென்ட் இறங்கிற்று. கோஷம் எழுதிய பனியன்களை என்ன செய்வதென்று நீலக் கட்சியார் திகைத்தார்கள்.

ஆனால் காற்றைத் திருப்பியவர் கார்னி அல்லர். இத்தேர்தலில் அதிகமாக உச்சரிக்கப்படும் பெயர் எந்த வாக்குச் சீட்டிலும் அச்சிடப்படவில்லை. அது டொனால்ட் ட்ரம்புடையது. கனடா அமெரிக்காவின் 51ஆவது ராஜ்யமாகலாமே என்று அவர் ஆரம்பத்தில் சொன்னபோது சிரித்தவர்கள், எஃகுக்கும் அலுமினியத்துக்கும் 25 சதவிகிதத் தீர்வை வந்தபோது சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஒன்டாரியோவில் சாராயக் கடைகளை நடத்துவதில் மாகாணச் சர்க்காருக்கு நம் டாஸ்மாக்கைப் போலவே பெரும் பங்குண்டு. மார்ச் 4ஆம் தேதி அக்கடைகளின் அலமாரிகளிலிருந்து அமெரிக்க மதுவகைகள் அனைத்தும் அகற்றப்பட்டன. வ.உ.சி. கப்பல் விட்ட காலத்துச் சுதேசி ஆவேசத்தைப் பாடப் புத்தகத்தில் மட்டுமே கண்டிருந்த நான், பலசரக்குக் கடையில் ஒரு கிழவி ஆரஞ்சுப் பழத்தின் மேல் ஒட்டியிருந்த சீட்டை மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி வாசித்து, புளோரிடா என்று கண்டதும் அதைப் பாம்பைப் போல் கீழே வைத்ததைக் கண்ணாரக் கண்டேன். இந்த ஆவேசத்தில் இருபது புள்ளி முன்னணி கரைந்து, இன்றைய நிலையில் லிபரல் கட்சி சில புள்ளிகள் முன்னே நிற்கிறது.

“சில புள்ளிகள்” என்று நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நானோஸ் என்றொரு நிறுவனம் மூன்று நாள் சராசரி எடுத்துத் தினம் ஒரு கணிப்பு வெளியிடுகிறது. லெஜே, ஆங்கஸ் ரீட், ஈகோஸ் என்று இன்னும் பல நிறுவனங்கள் உண்டு. இவையனைத்தையும் கலந்து ஆசனக் கணக்காக மாற்றிச் சொல்கிறவர் பிலிப் ஃபூர்னியே. அவர் மாண்ட்ரியால் கல்லூரியொன்றில் பௌதிகமும் வானியலும் போதிக்கும் ஆசிரியர். நட்சத்திரங்களைப் பார்த்து வருங்காலம் சொல்வது நமக்குப் புதிதன்று. வலிதாயத்துக் கோயிலில் குருபெயர்ச்சிக்குக் கூடும் கூட்டத்தைத் தாங்கள் ஆண்டு தவறாமல் விமரிசித்து வருகிறீர்கள். ஆனால் இந்தக் கணிப்பாளர்களிடம் ஒரு விநயம் உண்டு. எந்த எண்ணைச் சொன்னாலும், அதன் வாலில், இத்தனை புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம், இருபதில் பத்தொன்பது தடவை, என்று சேர்த்தே சொல்வார்கள். அதாவது இதே முறையில் இருபது தடவை கேட்டால் ஒரு தடவை கணக்கு எல்லையைத் தாண்டிப் போகலாம் என்பது வியாக்கியானம். நம்மூர் 2016 சட்டசபைத் தேர்தலில் தொலைக்காட்சிக் கணிப்புகளுள் பெரும்பாலானவை ஒரு பக்கம் சாய்ந்திருக்க, டீக்கடைப் பெஞ்சில் தாங்கள் மறுபக்கம் சொல்லி, அதுவே பலித்தபோது, இருபதாவது தடவைக்கென்று எந்த இடமும் விட்டு வைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

விநயம் கணிப்பாளரோடு நின்றுவிடுகிறது. கேட்கிறவர்களிடம் அது கிடையாது. டிம் ஹார்டன்ஸ் காப்பிக் கடையில் காலை வேளையில் கூடும் எங்கள் தமிழ்ப் பெரியவர்கள் சபையில், வரியைப் பற்றியோ வைத்தியசாலையில் காத்திருக்கும் நேரத்தைப் பற்றியோ விவாதம் தொடங்கினால், மூன்றாவது வாக்கியத்தில் “இண்டைக்கு நானோஸ் என்னவாம்?” என்று யாராவது கேட்டுவிடுவார், அதன் பிறகு கட்சிகள் மறைந்து தசமஸ்தானங்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. எந்தக் கட்சி நல்லது என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. எது வரும் என்றுதான் கேட்கிறார்கள். தாங்களும் அதைத்தான் கேட்டீர்கள்.

இதில் அடிபட்டுப் போவது ஆரஞ்சுக் கட்சி. மாஸ்டருக்கு ஒரு மகளும் உண்டு, மருத்துவமனையில் தாதி. 2011இல் ராதிகா சிற்சபைஈசன் இதே ஸ்கார்பரோவிலிருந்து என்.டி.பி. சார்பில் வென்று, கனடாப் பார்லிமெண்டில் அமர்ந்த முதல் தமிழரானபோது, அந்தப் பெண் கல்லூரி மாணவி. வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் கொடுத்தவள். இன்றும் அவள் மனம் அங்கேதான். ஆனால் கணிப்பில் அக்கட்சி பத்துக்குக் கீழே இறங்கிவிட்டது என்று வாசித்ததும், தன் வாக்கு வீணாகிவிடும் என்று சொல்லிச் சிவப்புக்குப் போடப் போகிறாள். அவளைப் போல் ஆயிரம் பேர் அவ்வாறு தீர்மானித்தால் மறுநாள் கணிப்பில் இன்னும் அரைப் புள்ளி குறைகிறது; அதை வாசித்து இன்னோர் ஆயிரம் பேர் நகர்கிறார்கள். வியாதியஸ்தன் பிழைப்பானா என்று கேட்க வந்தவர்கள், பிழைக்கமாட்டான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு சோறு போடுவதை நிறுத்திவிட்டதை ஒக்கும் இது என்று அவளிடம் சொன்னேன். “அண்ணா, ட்ரம்ப் வாசல்ல நிக்கேக்கை கொள்கை பாக்கிறதோ?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. ஆயினும் என் அபிப்பிராயம் மாறவில்லை.

ஒரு மாகாணத்தார் மனம் எப்படி ஓடும் என்பதை எண்ணால் பிடிப்பது எளிதன்று. கடந்த பிப்ரவரி 27ஆம் தேதிதான் இதே ஒன்டாரியோவில் மாகாணத் தேர்தல் நடந்து, டக் ஃபோர்டின் நீலக் கட்சி மூன்றாம் முறையாகப் பெரும்பான்மை பெற்றது. இரண்டு மாதங்கூட ஆகவில்லை. மத்தியத் தேர்தலுக்கு அதே ஜனங்கள் சிவப்புப் பக்கம் சாய்கிறார்கள் என்று கேட்டு வெள்ளைக்காரர்கள் வியக்கிறார்கள். 1980 ஜனவரியில் இந்திரா–கலைஞர் கூட்டணிக்கு 39இல் 37 இடங்களை வாரிக் கொடுத்துவிட்டு, அதே ஆண்டு மே மாதத்துச் சட்டசபைத் தேர்தலில் எம்.ஜி.ஆரைத் திரும்ப அழைத்து வந்த ஊரிலிருந்து வந்தவனுக்கு இதில் வியக்க என்ன இருக்கிறது? கனடாவில் 1988இல் 169 இடங்களை வென்ற ஆளுங்கட்சி 1993இல் இரண்டே இடங்களுக்கு வந்துவிட்ட கதையை மாஸ்டர் நடுங்கும் குரலில் கூறுவார். நான் நம் சட்டசபை ஆளுங்கட்சியின் 1991இன் 164ஐயும் 1996இன் 4ஐயும் சொல்வேன். அவர் மேற்கொண்டு பேசமாட்டார்.

பெருமை பேசுவதற்கு இன்னோர் இடமும் வாய்த்தது. பொலியேவ் 2004 முதல் வென்று வரும் ஒட்டாவாப் பகுதியில், அவருடைய கார்ல்டன் தொகுதியில், தேர்தல் முறையை எதிர்த்துக் கிளர்ச்சி செய்யும் ஒரு குழுவினரின் ஏற்பாட்டால் 91 அபேட்சகர்கள் நிற்கிறார்கள். வாக்குச் சீட்டு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். வேட்பாளர் கட்ட வேண்டிய 1,000 டாலர் டெபாசிட் செல்லாதென்று 2017இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் நிற்பதற்குச் செலவில்லை. கையெழுத்துகள் சேர்த்தால் போதும். இந்த 91ஐக் கேட்டுக் காப்பிக் கடையே அதிசயித்தது. 1996இல் ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சியில் விவசாயிகளின் எதிர்ப்பால் 1,033 பேர் நின்று, வாக்குச் சீட்டைப் புஸ்தகமாகத் தைத்து, தேர்தலையே ஒரு மாதம் தள்ளி வைத்த வரலாற்றை நான் எடுத்துரைத்தேன். அதன் பிறகுதான் சட்டசபைக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 5,000 ஆயிற்று என்றும் சொன்னேன். இரண்டு பஞ்சாபியரும் ஒரு கயானாக்காரரும் என்னை அன்று முதல் மரியாதையாகப் பார்க்கிறார்கள். “கட்சித் தலைவர் சொந்தத் தொகுதியில தோக்கிறதும் உண்டோ?” என்று மாஸ்டர் கேட்டார். 1967, விருதுநகர் என்றேன். கார்ல்டனில் அப்படி எதுவும் நேருமென்று நான் கருதவில்லை.

மற்றைச் செய்திகள் சில்லறையானவை. பிரெஞ்சு மொழியில் நடந்த தலைவர்கள் விவாதத்தை, அன்றிரவு மாண்ட்ரியால் ஹாக்கிக் குழுவின் ஆட்டம் இருந்தமையால் இரண்டு மணி நேரம் முன்னதாக மாலை ஆறு மணிக்கு நகர்த்தினார்கள், தேசத்தின் எதிர்காலம் ஹாக்கிக்கு இடம் விட்டது, ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. முன்கூட்டிய வாக்களிப்பு பெரிய வெள்ளியன்று தொடங்கி முதல் நாளே சுமார் 20 லட்சம் பேர் வாக்களித்துவிட்டார்கள். லிபரல் கட்சியின் தேர்தல் அறிக்கை மறுநாளான நேற்றுத்தான் வெளியாயிற்று. கன்சர்வேடிவ் அறிக்கை இதை எழுதும் வரை வரவில்லை. அறிக்கையை வாசியாமல் வாக்களிக்கும் உரிமை நமக்கு மட்டுமே உரியதென்று நான் நினைத்திருந்தேன். நாங்கள் இருவரும் வெள்ளியன்றே ஒரு பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று, பென்சிலால் காகிதத்தில் குறியிட்டு, மடித்து அட்டைப் பெட்டியில் போட்டு வந்தோம். விரலில் மை இல்லாமல் வெளியே வந்தது வாக்களித்ததாகவே தோன்றவில்லை. யாருக்குப் போட்டாள் என்று தங்கள் மருமகள் இதுவரை சொல்லவில்லை.

கடைசியாக, என் மாமியாரைப் பற்றிய ஒரு சமாசாரம். பேரனைப் பார்ப்பதற்காகக் கொரட்டூரிலிருந்து வந்திருக்கிறாரல்லவா? சென்ற புதன்கிழமை நாங்கள் வெளியே போயிருந்த சமயம், கணிப்பு நிறுவனம் ஒன்றின் இயந்திரக் குரல் வீட்டுத் தொலைபேசியில் வந்திருக்கிறது. தேசம் முழுவதும் ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் மட்டுமே கேட்கும் அந்த அழைப்பு எங்களுக்கு வராதா என்று மாஸ்டர் ஒரு மாதமாக ஏங்கிக்கொண்டிருக்க, அது வந்த வேளையில் எடுத்தவர் இந்நாட்டில் வாக்குரிமை இல்லாத, விசிட்டர் விசாவில் வந்த கொரட்டூர் அம்மாள். இரவு சாப்பிடும்போது அவரே சொன்னார்: “மாப்பிள்ளை, கேஸ் கம்பெனியிலேருந்து போன் வந்துது. எல்லாத்துக்கும் ஒண்ணு அமுக்கிட்டேன். ஆனா கடைசி வரைக்கும் புக்கிங் நம்பரே சொல்லல.”

மறுநாள் இதைக் காப்பிக் கடையில் சொன்னதும், மாஸ்டர் கைக்குட்டையால் மேஜையைத் துடைத்துவிட்டுக் கணக்குப் போடத் தொடங்கினார். ஆங்கிலத்துக்கு ஒன்று, குடியுரிமை உண்டு என்பதற்கு ஒன்று, ஆண் என்பதற்கு ஒன்றாக இருக்கும், வயது பதினெட்டு முதல் முப்பத்துநான்கு என்பதற்கும் அநேகமாக ஒன்றே. ஆக, அறுபத்தெட்டு வயதான என் மாமியார், ஸ்கார்பரோவில் வசிக்கும் ஒரு வாலிபனாகப் புள்ளிவிவரத்தில் புகுந்துவிட்டார். வாலிபர்கள் தொலைபேசியை எடுப்பது அபூர்வமாதலால், அகப்பட்ட ஒருவனுக்கு இரண்டு மூன்று பேருடைய எடையைக் கொடுத்துச் சரிக்கட்டுவது கணிப்பாளரின் வழக்கம் என்று மாஸ்டரின் மகன் விளக்கியபோது, அவன் முகத்தில் பெருமிதமும் பயமும் கலந்திருந்தன. எந்தக் கட்சி ஒன்றாம் எண்ணில் இருந்தது என்று மாஸ்டர் எங்கள் வீட்டுக்கே வந்து மாமியாரிடம் வினவினார். அந்தப் பெண் வேகமாகப் பேசியதாகவும், ஆனால் குரல் நன்றாக இருந்ததாகவும் மாமியார் பதிலளித்தார். கட்சிகளின் பெயரை அழைப்புக்கு அழைப்பு வரிசை மாற்றிப் படிப்பார்களாம். ஆதலால் ஊகிக்கவும் வழியில்லை. அன்று முதல் காலைக் கணிப்பில் எந்தக் கட்சி கால் புள்ளி ஏறினாலும் மாஸ்டர் எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்க்கிறார்.

தங்கள் கணிப்பு என்னவென்று 28ஆம் தேதிக்கு முன் தொலைபேசியில் தெரிவிக்கவும். வாக்கெடுப்பு நாளன்று புதிய கணிப்பு எதையும் இங்கே வெளியிடக் கூடாதென்பது சட்டம். பாடியிலிருந்து வருவதற்கு அது பொருந்துமா என்று மாஸ்டர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

தங்கள் அன்புள்ள
தம்பி மகன்